சக்கு சாவிக் கணக்கு

நுகர்பொருள் செலவு என்ற தலைப்புக்குக் கீழே பனியன் வேஸ்ட், கட்டிங் ஆயில், உப்புத்தாள் என்று இறங்கிக்கொண்டிருந்த ஆடிட்டர் அலுவலகத்துத் தம்பியின் பென்சில் ஓரிடத்தில் நின்றுவிட்டது. "சக்கு சாவி." மாதம் தவறாமல் அந்த இனம் வந்திருந்தது. சில மாதங்களில் இருமுறை.

"சாவி எப்படி சார் நுகர்பொருள் ஆகும்? தேயுமா?"

"தேயாதுங்க. தொலையும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கண்ணாடிக் கதவுக்கு அப்பால் கையைக் காட்டினேன். டிரில்லிங் மிஷினுக்கு முன்னால் எங்கள் டிரில்காரப் பெரியவர் மேஜைக்கடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அதற்குமேல் வவுச்சர் எதற்கு? பென்சில் அடுத்த வரிக்குப் போனது.

கோவை கணபதியில் ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு லேத்து, ஒரு மில்லிங், ஒரு பில்லர் டிரில், வங்கிக் கடனில் நிற்கும் ஒரு வி.எம்.சி. எனக்கும் இரும்புக்கும் உள்ள உறவு பில் வழியாக மட்டும்தான். ஆனால் மிஷின்களுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்குக் காது வழியாகக் கொஞ்சம் தொழில் ஏறிவிடும். அந்த அரைகுறை அறிவில்தான் இதை எழுதுகிறேன்; ஃபிட்டர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

டிரில்லிங் மிஷினின் சுழலும் தண்டுக்குக் கீழே, பிட்டைக் கவ்விக்கொண்டிருக்கும் பாகம் சக்கு. உள்ளே மூன்று தாடைகள், வெளியே பல் வெட்டிய வளையம். பல் வைத்த சாவியைப் பக்கத்து ஓட்டையில் குத்தித் திருகினால் வளையம் சுற்றும். தாடைகள் மூன்றும் சேர்ந்து நெருங்கும். ஓட்டைகளும் மூன்று. மூன்றிலும் சாவி போட்டு இறுக்க வேண்டும் என்பது பழைய ஃபிட்டர்களின் சட்டம். ஒன்றில் இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போவது நடைமுறை.

இதை உலகத்துக்குத் தந்தவர் ஆர்தர் ஜேகப்ஸ் என்ற அமெரிக்கர். அதற்கு முன்பிருந்த சக்கை ஸ்பேனர் போட்டுத் திருகப் போய், ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்ததில்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1902இல் பேட்டன்ட் வாங்கினார். அடுத்த ஆண்டே ஹார்ட்ஃபோர்டில் கம்பெனி தொடங்கிவிட்டார். முட்டியைக் காப்பாற்றிக் கொடுத்த புண்ணியவான்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் செய்து வைத்த ஏற்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சக்கு சுற்றும்போது சாவி அதில் இருக்கவே கூடாது. சுற்றாதபோது சாவி இல்லாமல் ஒரு வேலையும் ஆகாது. நாள் முழுக்க வேண்டும், கூடவே இருக்கக் கூடாது. தொலைவதற்கு இதைவிடத் தோதான உத்தியோகம் எந்தப் பொருளுக்கும் அமைந்ததில்லை.

இருக்கவே கூடாது என்பது விளையாட்டுப் பேச்சு அல்ல. சாவியைச் சக்கிலேயே மறந்துவிட்டு சுவிட்சைப் போட்டால் அது பறந்து வரும். எந்தத் திசைக்கு என்று அதற்கே தெரியாது. "சாவிய விட்டுக் கை எடுத்தா சாவி சக்குல இருக்கப்படாது" என்று எங்கள் ஃபோர்மேன் அண்ணன் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார். பேச்சோடு நிற்காமல், ஸ்பிரிங் வைத்த சாவி ஒன்றும் வாங்கிவந்தார். கையை எடுத்த உடனே தானாக வெளியே தள்ளிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஸ்பிரிங்கை எதிர்த்து அமுக்கிக்கொண்டே திருக வேண்டும். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு வாரத்துக்குள் சாவி தனியே, ஸ்பிரிங் தனியே ஆகிவிட்டது. யார் கழற்றினார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்த ஸ்பிரிங் இப்போது கழிப்பறைக் கதவில் மனசாட்சியோடு வேலை பார்த்துவருகிறது.

சாவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாமே என்று நான் ஒருமுறை சொன்னேன். சுற்றுகிற தண்டுக்குப் பக்கத்தில் கயிறா என்று ஃபோர்மேன் அண்ணன் பார்த்த பார்வையில் நான் நாற்காலிக்கே திரும்பிவிட்டேன். அப்புறம் மிஷின் உடம்பில் ஒரு காந்தத்தை ஒட்டி, சாவிக்கு அதுதான் வீடு என்று அறிவித்தார்கள். காந்தத்தோடு பழகிப் பழகி சாவியும் காந்தமாகிவிட்டது. பட்டறையில் உள்ள பிசிறெல்லாம் அதன் மேல் ஏறி, தாடி வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்தத் தாடியோடு சக்குக்குள் போனால் சக்கு என்ன ஆகும்? லேத்துக்காரரின் டெயில்ஸ்டாக் சக்குக்கும் சாவி உண்டு, ஆனால் அது ஒரு சைஸ் பெரிது. பல் பாதிதான் மாட்டும். அவசரத்துக்கு அதையும் போட்டுத் திருகியிருக்கிறார்கள். அவசரம் அதையும் தாண்டியபோது சுத்தியலும் உளியும் எடுத்ததைப் பார்த்துவிட்டு, நான் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டேன். கணக்கு எழுதுகிறவன் எல்லாவற்றையும் பார்க்கக் கூடாது.

சாவியே இல்லாத சக்கும் இருக்கிறது. ஜெர்மனியில் யோசப் அல்பிரெக்ட் என்பவர் 1932இல் கொண்டுவந்தது. வெறும் கையால் திருகினால் போதும். துளை போடப் போட, பிட்டு முறுக்கும் விசையிலேயே அது இன்னும் இறுகிக்கொள்ளும். எங்கள் முதலாளி அந்த வகையில் ஒன்று வாங்கினார். பெரிய பிட்டைப் போட்டு நாலு துளை போட்ட பிறகு சக்கு இறுகிய இறுக்கத்தில் கையால் திறக்க ஆளில்லை. கடைக்காரரைக் கேட்டால், அதற்கென்று தனி ஸ்பேனர் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். சாவி இல்லாத சக்குக்கு ஸ்பேனர்! ஜேகப்ஸ் எந்த ஸ்பேனருக்குப் பயந்து ஓடினாரோ அதே ஸ்பேனர் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்ந்தது. ஒரு வாரத்தில் அதுவும் தொலைந்தது.

இந்த நிலையில்தான் அந்த ஃபிளாஞ்ச் ஆர்டர் வந்தது. மோட்டார் பம்புக்கான வார்ப்பிரும்பு ஃபிளாஞ்ச். ஒவ்வொரு துளையிலும் முதலில் சென்டர் டிரில், பிறகு 10.2 மில்லிமீட்டர் பிட்டு, ஏனென்றால் பின்னால் எம்12 மரை போட வேண்டும்; அதன் பிறகு வாயை விரித்துவிடக் கவுண்டர்சிங்க். டேப் போடுவது மெதுவாகச் சுற்ற வேண்டிய வேலை, அது பக்கத்து மிஷினில். ஆக மூன்று டூல், ஒரே மிஷின். ஒரு டூலை மாட்டி எல்லாப் பீஸையும் ஓட்டிவிட்டு அடுத்த டூலுக்குப் போகலாம்தான். ஆனால் பீஸை ஒவ்வொரு முறையும் கழற்றி மறுபடி மையம் பார்த்துக் கட்டுவதற்குள் பொழுது போய்விடும், மையமும் போய்விடும். ஒரே கட்டில் மூன்றையும் முடிப்பதுதான் முறை. முறைப்படி செய்தால், துளை போடும் நேரத்தைவிடச் சாவியைத் தேடும் நேரம் அதிகம்.

முதலாளி காந்திபுரத்தில் ஒரு டூல்ஸ் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். காசோலையில் கை நடுங்காமல் தேதி போட ஆள் வேண்டும் அல்லவா. கடைக்காரர் கண்ணாடி மேஜை மேல் ஒன்றை எடுத்து வைத்தார். குயிக் சேஞ்ச் சக்கு. தலைப்பக்கம் மோர்ஸ் டேப்பர் ஷாங்க். (தந்தி மோர்ஸ் வேறு, அவர் சாமுவேல். இவர் ஸ்டீபன் மோர்ஸ், 1863இல் டிவிஸ்ட் டிரில்லுக்குப் பேட்டன்ட் வாங்கியவர்.) அந்தச் சாய்வுக்கு மரையும் வேண்டாம், சாவியும் வேண்டாம், தண்டின் துளைக்குள் ஏற்றித் தட்டினால் தானாகவே கவ்விக்கொள்ளும். பந்தியில் நல்ல இடம் பிடித்து உட்கார்ந்துவிட்ட பங்காளி மாதிரி. எழுப்ப வேண்டுமானால் தண்டின் பக்கத்து ஓட்டை வழியாக டிரிஃப்ட் என்ற ஆப்பை விட்டு ஓங்கி ஒரு அடி கொடுக்க வேண்டும்.

அதிசயம் கீழ்ப்பக்கத்தில் இருந்தது. வெளியே ஒரு வளையம். அதை விரலால் மேலே தூக்கினார். உள்ளே இருந்த காலெட், அதற்குள் பிடித்திருந்த பிட்டோடு, பிசகாமல் அவருடைய உள்ளங்கையில் இறங்கியது. வேறொரு காலெட்டைக் கீழிருந்து ஏற்றி வளையத்தை விட்டார். "டக்." முடிந்தது. சுற்றும் ஓரத்தில் எஃகுக் குண்டுகள் இருக்கின்றன. வளையம் கீழே இருக்கும்வரை அவை உள்ளே நெருக்கி, காலெட்டில் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்து பிடித்திருக்கும். வளையம் மேலே போனால் குண்டுகள் வெளிப்பக்கம் ஒதுங்கி வழி விடும். மிஷினை நிறுத்தவே வேண்டாம், தண்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே மாற்றலாம் என்றார். முதலாளியின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அவர் மகள் பிளஸ் டூ பாஸான அன்றைக்குக்கூட நான் பார்க்கவில்லை.

"சாவி?"

"சாவியே கெடையாதுங்க."

முதலாளி அங்கேயே முடிவெடுத்துவிட்டார். நான்தான் வாயைத் திறந்தேன். "காலெட் எத்தனை வரும்?"

"ஒண்ணு வரும். மத்தது உங்க தேவைக்கு வாங்கிக்கலாம்ங்க. ஒரு டூலுக்கு ஒண்ணு."

இங்கேதான் இருக்கிறது சூட்சுமம். டக்கென்று மாற்ற வேண்டுமானால் ஒவ்வொரு டூலும் தன் தன் காலெட்டில் ஏற்கெனவே ஏறித் தயாராக நிற்க வேண்டும். சக்கின் விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் காலெட்டின் விலையில் தெளிவார்கள். ஜிஎஸ்டி புத்தகத்தில் டிரில் பிட்டு 8207, டூல் ஹோல்டர் வகையெல்லாம் 8466 என்று தனித்தனித் தலைப்பு. அன்றைய பில்லில் 8466 மட்டுமே ஒரு பக்கத்துக்கு வந்தது. ஒரு சாவியைத் தொலைத்துக்கொண்டிருந்த பட்டறைக்கு, இனிமேல் தொலைப்பதற்கு ஒரு டப்பா நிறையப் பொருள் கிடைத்தது என்று நான் வண்டியில் வரும்போது நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லவில்லை. மாதக் கடைசி.

பட்டறையில் வரவேற்பு கலவையாக இருந்தது. வி.எம்.சி. ஓட்டும் தம்பி கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அவருடைய மிஷின் இருபது டூலையும் தானே மாற்றிக்கொள்ளும். அவர் அப்போது செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஃபோர்மேன் அண்ணன் மட்டும் உருகிவிட்டார். ஒரு பலகை எடுத்து, அதே மிஷினில் வரிசையாகத் துளை போட்டு, ஒவ்வொரு காலெட்டுக்கும் ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு எண் என்று எழுதி மாட்டினார். காலெட்டுகள் தொலையாமல் இருப்பதற்கு முழுக் காரணம் அந்தப் பலகைதான், என் ஆரூடம் பலிக்கவில்லை. சுற்றும்போதே மாற்றலாம் என்று கடைக்காரர் சொன்னதை அவர் ஒரே வார்த்தையில் ரத்து செய்தார். "எங்க பட்டறைல நிறுத்தித்தான் மாத்தோணும்." அதற்கு யாரும் அப்பீல் போகவில்லை.

பெரியவர்தான் வாட்டமாக இருந்தார். முதலாளியின் அப்பா காலத்து ஆள். ஃபிளாஞ்சுகள் முன்பைவிட இரட்டிப்பாக இறங்கின; முதலாளி குறிப்பேட்டில் எழுதி எழுதிச் சிரித்தார். நான் பெரியவரிடம் சும்மா கேட்டேன், வேலை சுலபமாகிவிட்டது போலிருக்கிறதே என்று.

"சுலபந்தானுங்க. ஆனா சாவியத் தேடறப்பத்தான் இடுப்பு கொஞ்சம் நிமிரும், நாலு எட்டு நடப்பேன். இப்ப விடிஞ்சதுல இருந்து அந்த எடத்துலயே நிக்கறனுங்க."

எங்கள் கணக்கில் இதற்குத் தலைப்பே கிடையாது. சாவி தேடிய நேரத்தை வீண் என்று ஒதுக்கி, பட்டறை முழுக்க அதை ஒழிக்கக் கிளம்பியிருந்தோம். அது அந்த மனிதருடைய ஓய்வு என்று யாருக்கும் தோன்றவில்லை, மாதாமாதம் அதற்குக் காசு கொடுத்துக்கொண்டிருந்த எனக்கும்கூட. முதலாளியிடம் சொன்னேன். உயரமான ஸ்டூல் ஒன்று வந்தது. பெரியவர் அதில் தம் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டார்.

வார்ப்பிரும்பைக் குடைந்தால் சுருள் வராது, பொடிதான் வரும். கறுப்பாக, மாவாக, எங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கே போய் அடையும். கொஞ்ச நாளில் சக்கின் வளையம் கனக்க ஆரம்பித்தது. ஒரு சனிக்கிழமை அடியோடு மேலே ஏறவில்லை. டக்கென்று விடுகிற சக்கு விடமாட்டேன் என்று நின்றது. பெரியவர் டிரிஃப்டைத் தட்டிச் சக்கையே மிஷினிலிருந்து இறக்கினார். ஒரு தட்டத்தில் டீசல் ஊற்றி, பழைய சாக்கை விரித்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாகம் பாகமாகப் பிரித்தார். பிரஷ் போட்டார். துடைத்தார். வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். மறுபடி துடைத்தார். அப்படியொரு நிதானத்தை நான் அவரிடம் சமீபத்தில் கண்டதில்லை. அன்று முதல் சனிக்கிழமை மத்தியானம் என்றால் அது சக்குக்குக் குளியல் நாள் என்று ஆகிவிட்டது.

முதலாளி போன வாரம் பொறுக்க முடியாமல் பக்கத்தில் போய் நின்றார். "அண்ணா, இன்னும் எவ்வளவு நேரமுங்க ஆகும்?"

"ஏனுங் தம்பி, அவசரப்பட்டாக் குண்டு ஒண்ணு ரெண்டு உருண்டு ஓடிருமுங்க. அப்புறம் சக்கே போச்சு."

முதலாளி சட்டென்று சாக்கின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தட்டத்துக்குள் விரலை விட்டுக் குண்டுகளை எண்ணத் தொடங்கினார். "நீங்க எண்ணிட்டு இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் டீக்கடைக்கு நடந்தார்.