அவையும் விடுப்புக் கடிதமும்

கேள்வி: உத்தியோகத்துக்கு வேண்டிய பேச்சையும் எழுத்தையும் கல்லூரியிலேயே பழக வழியுண்டா? சபையைக் கண்டாலே நா உலர்கிறது.

பதில்: உண்டு. திருக்குறளில் அவையறிதல் 72-ஆம் அதிகாரமாகவும், அவையஞ்சாமை அதற்கடுத்த 73-ஆம் அதிகாரமாகவும் அமைந்திருக்கும் கிரமத்தை நோக்குமிடத்து, கேட்பவர் யார், அவருக்கு வேண்டுவது யாது என்று முதலில் அறிந்தவனுக்கே பயம் தெளியும் என்பது என் திடமான அபிப்பிராயம். எழுத்துக்கும் இது பொருந்தும்: துறைத்தலைவருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில், பாட்டியின் ஜுரத்தை ஐந்து வரிகளில் உருக்கமாக வர்ணித்துவிட்டு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதை மறந்துவிடுகிற மாணவர்கள் அநேகர். பாட்டியிடம் துறைத்தலைவருக்கு அனுதாபம் உண்டு. ஆனால் வருகைப் பதிவேட்டுக்கு வேண்டியவை அந்த இரண்டு தேதிகளே! அடுத்த கடிதத்தை அறைத் தோழருக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர் "என்றைக்கு?" என்று கேட்டால் திருத்தி எழுதுங்கள். கருத்தரங்கில் பேசுவதற்கு முன்னும் அவரையே எதிரில் உட்கார வையுங்கள்.