உன் மூஞ்சிக்கு எத்தனை பில்டர்லே?

வாலே பேராண்டி, இப்படி உக்காரு. அந்தப் போனைக் காட்டு. யாருலே இது, நீயா? உங்க அம்மை பெத்தப்போ இந்த நெறம் இல்லையே! கண்ணு பெருசு, தாடை கூரு, பருவைக் காணோம். பில்டராம்லா. காப்பி பில்டர்ல தூளு மேல நிக்கும், டிகாஷன் கீழ இறங்கும். உன் பில்டர்ல எது நின்னுச்சு? பாதி மூக்கு நின்னுபோச்சு போல.

விளம்பரத்துல உடம்பைத் திருத்திப் படம் போட்டா, 'திருத்தினது'ன்னு முத்திரை குத்தணும்னு நார்வேக்காரன் 2022-ல சட்டமே கொண்டாந்துட்டான். நம்மூர் தரகர் பையில கெடக்குற போட்டோவுக்கு யாரு குத்த? பொண்ணு பாக்கப் போன இடத்துல மாப்பிள்ளையப் பாத்தே 'மாப்பிள்ளை வரலையா'ன்னு கேக்காவ.

மீன் தொட்டி வேற வாங்கியிருக்க. அதுல கெடக்குற பஞ்சு பில்டரு நல்ல உழைப்பாளிலே. மீனு கழிவுல அமோனியா கிளம்பும், மீனுக்கு அது விஷம். பஞ்சுல குடியிருக்குற பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கி, பொறவு நைட்ரேட் ஆக்கி அடக்கிப்போடும். நீ என்ன பண்ணுதே? பஞ்சு அழுக்கா இருக்குன்னு குளோரின் வாடையடிக்கிற குழாய்த் தண்ணியில வெள்ளை வெளேர்னு கசக்குதே. போச்சா! குடியிருந்தது பூராவும் செத்துச்சு. தொட்டித் தண்ணியையே மொண்டு லேசா அலசுனா ஆகாதா? கொஞ்சம் அழுக்கு தெரிஞ்சா மானம் போயிருமோ?

'நாசாக்காரன் மட்டும் யோக்கியனா தாத்தா'ன்னு கேப்ப. கேளு. கழுகு நெபுலாவுல 'படைப்பின் தூண்கள்'னு 1995-ல ஹபிள் புடிச்ச படம் இருக்குல்லா, அந்தக் கேமராவுக்குக் கறுப்பு வெள்ளைதான் தெரியும். கந்தகத்துக்கு ஒரு பில்டர், ஹைட்ரஜனுக்கு ஒண்ணு, ஆக்சிஜனுக்கு ஒண்ணுன்னு மாட்டித் தனித்தனியா புடிச்சாவ. பொறவு சிவப்பு, பச்சை, நீலம்னு சாயம் ஏத்திச் சேத்தாவ. கந்தகம், ஹைட்ரஜன் ரெண்டு ஒளியும் உள்ளபடி சிவப்புதான். அப்படியே விட்டா எது எதுன்னு பிரிச்சுப் பாக்க முடியுமா? அதான் ஹைட்ரஜனுக்குப் பச்சை. எதுக்கு எந்தச் சாயம்னு வெளிப்படையா எழுதியும் வச்சிட்டாவ. அவுக சாயம் ஏத்துனது இருக்கறதைக் காட்ட. நீ ஏத்துனது எதுக்குலே?

நம்ம ஆதித்யா எல்1 விண்கலத்துல சூட்டுன்னு ஒரு தொலைநோக்கி போயிருக்கு. சூரியனைப் பாக்க அதுல 11 பில்டர். அம்மாம்பெரிய சூரியனுக்கே 11 போதும்னுட்டாவ. உன் போன்ல எத்தனைலே?

சரி, மொறைக்காதே. முன்பல்லு ரெண்டு வைக்க அதுல பில்டர் இருக்கா? உங்க ஆச்சிக்கு ஒரு படம் அனுப்பணும்.