டிட்ரொயிட்டுக்கு ஏன் ஐயா கெட்ட பெயர்?

ரொறன்ரோ பொலிஸ் தலைமையகம்,
40, கொலிஜ் வீதி.

கனம் பொலிஸ் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

அடியேன் ஸ்காபரோவில் குடியிருக்கும் பழைய சினிமாப் பைத்தியம். நீதி கேட்டு எழுதவில்லை, பயப்படாதீர்கள். இந்த ஊருக்குச் சேரவேண்டிய புகழைக் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

2001இல் 'எக்ஸிட் வூண்ட்ஸ்', 2005இல் 'அசால்ட் ஆன் பிரிசிங்ட் 13'. இரண்டு படங்களிலும் அட்டூழியம் செய்வது டிட்ரொயிட் பொலிஸ். கமரா ஓடியதோ நம்முடைய தெருக்களில். இலக்கத் தகடுகளை மாற்றிவிட்டால் ரொறன்ரோ எந்த ஊராகவும் ஆகிவிடும். தெருமுனையில், படக்காரர் காசு கொடுக்கும் பெய்ட் டியூட்டிக்கு வந்த உங்கள் கொன்ஸ்டபிள் கார்களைத் திருப்பிவிடுகிறார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் அயலூர்ச் சீருடை போட்ட நடிகர் லஞ்சம் வாங்குகிறார். உள்ளூர்ச் சரக்குக்கு வெளியூர் முத்திரை எதற்கு?

சரக்குக்கா பஞ்சம்? 'எக்ஸிட் வூண்ட்ஸ்' வந்த அதே 2001இல்தான் உங்கள் போதைப்பொருள் தடுப்புப் பிரிவைத் துருவ மத்திய பொலிஸான ஆர்.சி.எம்.பி.யின் அதிகாரி ஒருவரை அழைக்கவேண்டி வந்தது. 2004இல் அந்தப் பிரிவின் ஆறு பேர்மீது வழக்கு. 2008இல், இழுத்தடித்தது போதும் என்று நீதிபதி வழக்கையே நிறுத்தினார். அது இடைவேளை. 2009இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மறுபடியும் ரீலைச் சுற்றியது. 2012இல் ஐவர் குற்றவாளிகள் என்றார்கள் ஜூரிகள். அந்த ஐவரும் 1998இல் ஹெரோயின் வியாபாரி ஒருவரின் வீட்டை, தேடுதல் ஆணை கைக்கு வருமுன்பே கிளறிவிட்டு, வந்த பிறகுதான் தொட்டோம் என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார்களாம். அடித்தது, பறித்தது என்ற குற்றச்சாட்டுகள் நிரூபணமாகவில்லை. காட்டிக்கொடுத்தது பேனா!

2013 ஜனவரியில் தண்டனை: 45 நாள் வீட்டுக்காவல். ஐயா, ரொறன்ரோவில் ஜனவரி மாதம் வீட்டுக்குள் அடைந்து கிடப்பது தண்டனையென்றால், ஒரு குற்றமும் செய்யாத நாங்கள் வருடாவருடம் அனுபவித்து வருகிறோம். 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மூன்றாண்டுச் சிறையாக்கியது. 1998இலிருந்து கூட்டிப் பாருங்கள், 17 ஆண்டுகள். எல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்கும் தமிழ்ப்பட பொலிஸ் ஜீப் கூட இவ்வளவு பிந்தியதில்லை. 1974இல் எங்கள் 'தங்கப்பதக்கம்' படத்து எஸ்.பி. சௌத்ரி, பெற்ற மகனென்றும் பாராமல் மூன்று மணிநேரத்துக்குள் கணக்கை முடித்தார். அந்த வேகத்தை நான் கேட்கவில்லை, சுடவும் வேண்டாம்.

கேட்பது இரண்டே இரண்டு. கெட்ட பொலிஸ் படம் எடுக்க அடுத்து எவர் வந்தாலும் உங்கள் சீருடையையே கொடுத்துவிடுங்கள். டிட்ரொயிட் பாவம், அதற்குத் தன் பாடே போதும். மற்றது, 'இதில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே' என்ற அட்டையை மட்டும் போட விடாதீர்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒத்துக்கொள்ளாது.

இங்ஙனம்,
தங்கள் படங்களைத் தவறாமல் பார்க்கும் ரசிகன்