பாய்மரப் படகில் குளிர்காய்தல்

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில், 25, 30 அடிப் பாய்மரப் படகுகளிலேயே ஆண்டு முழுதும் குடியிருப்போர் உண்டு. குளிர்காலத்தில் அங்கே கடல்நீரின் வெப்பம் சுமார் 8 டிகிரி செல்சியஸ். கேட்பதற்கு அப்படியொன்றும் கொடிய குளிராகத் தோன்றாது. ஆனால் படகில் படுத்திருப்பவருக்கும் அந்த நீருக்கும் நடுவே இருப்பது விரல் கனத்துக் கண்ணாடியிழைச் சுவர் மட்டுமே.

குளிரைவிடப் பெரிய தொல்லை ஈரம். அறையில் 20 டிகிரி வெப்பமும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 12 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் படியும். கடலைத் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் அந்த 12 டிகிரியை எட்டுவதே இல்லை. உறங்குபவரின் மூச்சு, சூப் கொதித்த ஆவி, மாட்டிவைத்த மழைக்கோட்டு எல்லாம் அங்கே துளியாகி, தலையணை இருக்கும் இடம் பார்த்து இறங்கும். எந்த மழைக்கும் ஒழுகாத படகு என்று பெருமை பேசுகிறவரும் தம் மூச்சுக்கு ஒழுகும் படகில்தான் தூங்குகிறார்.

குளிர் தாங்காதவர் முதலில் பற்றவைப்பது சமையல் அடுப்பை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் சூட்டோடு ஏறக்குறைய 1.6 லிட்டர் நீரும் ஆவியாக வரும். அதை வெளியேற்றப் படகின் மேல்மூடியைத் திறந்தால், சூடு முந்திக்கொண்டு போய்விடும். அடுப்பின்மேல் மண் பூந்தொட்டியைக் கவிழ்த்தால் அறை கூடுதலாகச் சூடேறும் என்றொரு நம்பிக்கையும் படகுக்காரர்களிடையே உலவுகிறது. தொட்டி தானாக எந்தச் சூட்டையும் உண்டாக்குவதில்லை. வாங்கியதை மெதுவாகத் திருப்பித் தருகிறது. சுடருக்குக் காற்றை அடைத்துக் கார்பன் மோனாக்சைடைப் பெருக்கும் திறமை மட்டும் அதற்கு உண்டு. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு தலைவலியில் தொடங்கி மரணத்தில் முடியும். அதைக் கண்டறியும் அலாரம் படுக்கையருகே இருந்தே ஆகவேண்டும். ஓயாமல் அலறுகிறது என்று அதன் பேட்டரியைக் கழற்றி வைப்போர் உண்டு. அலறுவதுதான் அதன் வேலை.

புகைபோக்கி உள்ள அடுப்பில் புகையும் நீராவியும் வெளியே போய், உலர்ந்த சூடு மட்டும் தங்கும். இதே வட்டாரத்து ஓர்க்காஸ் தீவிலிருந்து வந்த நேவிகேட்டர் வார்ப்பிரும்பு விறகடுப்புகளுக்கு மீன்களின் பெயர்கள்: சார்டைன், லிட்டில் காட், ஹாலிபட். சார்டைனின் வாய் மிகச் சிறியது. விறகை அதற்கேற்பத் துண்டு துண்டாக நறுக்குவதிலேயே பாதிக் குளிர் விட்டுவிடும். அடிக்கடி விறகு ஊட்ட வேண்டியிருப்பதால், விடிய விடியக் கதகதப்பாக இருந்தவர் விடிய விடிய விழித்திருந்தவராகவே இருப்பார். விறகு அடுக்கும் இடம் பெரும்பாலும் இன்னொருவர் படுக்க வேண்டிய இடம்.

வெபாஸ்டோ, எபர்ஸ்பாக்கர் போன்ற ஜெர்மன் டீசல் ஹீட்டர்களுக்கு இந்த வேலையெல்லாம் இல்லை; பொத்தானை அழுத்தினால் போதும், பேட்டரியில் சார்ஜ் இருந்தால். இவை தமக்குள் மூடிய எரியறையில் டீசலை எரித்துப் புகையை வெளியே தள்ளுகின்றன. இரைச்சல் மட்டும் விமானம் கிளம்புவதைப் போலிருக்கும். அது படகின் சொந்தக்காரரை அவ்வளவாகத் தொந்தரவு செய்வதில்லை. புகைக்குழாய் பக்கத்துப் படகைப் பார்த்து இருக்கிறது. சிக்கனம் கருதி எந்நேரமும் குறைந்த சூட்டிலேயே ஓட்டினால் உள்ளே கரி அடைத்து, கடுங்குளிர் இரவாகப் பார்த்து நின்றுவிடும்.

படகுத்துறையில் மின்சாரம் கிடைத்தால் 1500 வாட் ஹீட்டர் மலிவான வழி. உப்புக் காற்றில் அரித்த பிளக் என்றால் அறைக்கு முன்னால் அதுதான் சூடேறும். படகுகள் தீப்பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

எதை எரித்தாலும் சூடு மேலே ஏறித் தங்குவதால், நிற்பவருக்குத் தலை வியர்க்கும், கால் விறைக்கும். சிறிய மின்விசிறி ஒன்று அதைக் கீழே இறக்கும். மெத்தைக்கு அடியில் மரச்சட்டங்களைப் பரப்பிக் காற்றுக்கு வழிவிட்டால் பூஞ்சை பிடிக்காது. கால்மாட்டுக்கு வெந்நீர்ப் பை. இரைச்சலும் புகையும் ஈரமும் தராத சாதனம் அது ஒன்றுதான், மூடியைச் சரியாகத் திருகியிருந்தால்.