கிராமத்தில் ஒரு வீடு, லண்டன் விலைக்கு

லண்டனின் தென்மேற்குப் பகுதியில், மூன்று பக்கமும் தேம்ஸ் ஆறு வளைத்துப் போகும் பார்ன்ஸைத் தரகர்கள் ‘கிராமம்’ என்றே விற்கிறார்கள். புல்வெளி, வாத்துக் குளம், பழைய மதுக்கடை எல்லாம் கச்சிதமாக இருக்கின்றன. ஏரும் சாணியும் இல்லை. விலையைக் கேட்டதும் பட்டணம் வந்துவிடும்.

ஆற்றோரத் தெருவில் இசையமைப்பாளர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட் குடியிருந்த வீட்டில் அதைச் சொல்லும் நீல வட்டப் பலகை உண்டு. கூரை ஒழுகாது என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல.

கிராமம் என்றால் பாதாள ரயில் எதற்கு? பார்ன்ஸில் அது கிடையாது. ஹாமர்ஸ்மித் பாலம் தாண்டி அக்கரைக்குப் போக வேண்டும். 1887இல் திறந்த அந்தத் தொங்குபாலத்தில் விரிசல் கண்டு, 2019 ஏப்ரலில் மோட்டார் வண்டிகளை நிறுத்தினார்கள். 2020 ஆகஸ்டில் நடந்து போகிறவர்களுக்கும் தடை. அடுத்த ஜூலையில்தான் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் வழி திறந்தது. செலவு யாருடையது என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நீண்டது. லட்சக்கணக்கில் பவுண்டு கொட்டி வாங்கியவருக்கு, பாலம் தாண்டிப் பேருந்து வராத அசல் கிராம அனுபவம் இலவச இணைப்பாகக் கிடைத்தது!

பார்ன்ஸில் பழைய நீர்த்தேக்கங்களைத் திருத்தி 2000இல் திறந்த ஈரநிலப் பூங்காவில் பறவைகளுக்கு 40 ஹெக்டேருக்கும் மேல் இடம். அவற்றிடம் வங்கிக்காரர் சம்பளச் சீட்டு கேட்பதில்லை.

பார்ன்ஸில் வீடு பார்க்கப் போகிறீர்களா? ஹாமர்ஸ்மித்தில் ரயிலிலிருந்து இறங்கி, பாலத்தை நடந்தே கடந்து போங்கள். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. சமையலறையை அப்புறம் பார்க்கலாம்.