அண்டா வேண்டாம், அக்கா

நியூ ஆர்லியன்ஸ்,
ஏப்ரல் கடைசி

அன்புள்ள அக்காவுக்கு,

புதுச்சேரிக்காரன் ஊரைவிட்டுக் கிளம்பினால் பாரிசுக்குத்தான் போவான், இவன் ஏன் அமெரிக்காவின் தென்கோடிச் சேற்றில் போய் உட்கார்ந்திருக்கிறான் என்று மாமா கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதுவும் பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன ஊர்தான் என்று அவரிடம் சொல். 1718இல் அவன் கட்டினான். நடுவில் கொஞ்ச காலம் ஸ்பெயின்காரன் வைத்திருந்தான். 1803இல் நெப்போலியன் லூசியானா முழுவதையும் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவின் தலையில் கட்டிவிட்டான். கையோடு நம் ஊரையும் விற்றிருப்பான். அப்போது அது இங்கிலீஷ்காரன் பிடியில் இருந்ததால் தப்பித்தோம். அதனால்தான் நமக்கு 1954 வரை பிரெஞ்சுக் கொடியும், அதற்குப் பிறகும் பல வீடுகளில் பிரெஞ்சுப் பென்ஷனும். இங்கே துமேன் தெரு என்றால் அங்கே துய்மா வீதி. இருக்கட்டும், நான் எழுத வந்தது சரித்திரம் அல்ல, சாப்பாடு. இறால், நண்டு, சோளம், உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் ஒரே தண்ணீரில் அவித்து, வடித்து, மேசைமேல் கொட்டித் தின்னும் 'சீஃபுட் பாயில்' என்று ஒன்று இங்கே இருக்கிறது. அதை உன் வீட்டு கேஸ் அடுப்பில், உனக்கும் மாமாவுக்கும் மட்டுமாகச் சின்னப் பாத்திரத்தில் செய்யலாம். செய்தால் இங்கே ஊர்கூட்டிச் செய்வதைவிட நன்றாகவே வரும் என்பது என் கட்சி. நீ லேசில் ஒப்புக்கொள்ள மாட்டாய். அதனால்தான் கடிதம் நீளம்.

முதலில் இங்கத்துக் கூத்தைச் சொல்கிறேன். லூசியானாவில் இதற்கு நாயகன் கிராஃபிஷ் என்கிற நன்னீர்ப் பிராணி. இறாலுக்கு நண்டின் கொடுக்கு முளைத்த மாதிரி இருக்கும். கடலில் பிடிப்பதல்ல, பெரும்பாலும் நெல் வயலில், அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய பிறகு வளர்ப்பது. பாகூர்ப் பக்கத்து வயல் நண்டை மூட்டை கட்டி விற்றால் எப்படி இருக்கும், அப்படி. ஒரு மூட்டை சுமார் 15 கிலோ. அதற்கு 75 லிட்டர் பிடிக்கிற அலுமினிய அண்டா, கொல்லைப்புறத்தில் சீறிக்கொண்டு எரியும் கேஸ் பர்னர், கிளற ஒரு துடுப்பு. வீட்டுக்குள் ஒரு முட்டை அவிக்கத் தெரியாத ஆண்பிள்ளைகள்கூட வெளியில் அண்டா ஏறிவிட்டால் துடுப்பை யாரிடமும் கொடுப்பதில்லை. கிழக்கே தெற்குக் கரோலினாவில் கிராஃபிஷுக்குப் பதில் இறால், கூடவே சோளமும் புகைபோட்ட பன்றி சாசேஜும். 1960களில் அங்கே செயின்ட் ஹெலீனா தீவுக்காரர் ஒருவர் தன்னோடு படைப்பயிற்சியில் இருந்தவர்களுக்காக இதைச் செய்ததுதான் ஆரம்பம் என்கிறார்கள். பட்டாளத்துச் சொல்தாக்களுக்கு வடித்துக் கொட்டிய சாப்பாடு என்றால் மாமாவுக்கு மரியாதை வந்துவிடும்.

இது கும்பலுக்கான சமையல், இரண்டு பேருக்கு எதற்கு என்பதுதான் உன் முதல் கேள்வியாக இருக்கும். அண்டா பெரிதானதற்குக் காரணம் ருசி இல்லை அக்கா, மூட்டை. பதினைந்து கிலோ உயிரோடு வந்து இறங்கினால் அன்றைக்கே தீர்க்க வேண்டும், அதற்குப் பத்து வாயாவது வேண்டும். சமையல் என்று பார்த்தால் அண்டாதான் தொந்தரவு. அடுப்பை அணைத்தாலும் அத்தனை தண்ணீரும் சூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும். உள்ளே கிடப்பது வெந்துகொண்டே போகும். அதனால்தான் இவர்கள் அணைத்ததும் ஐஸ் மூட்டையைப் பிரித்துக் கொட்டுகிறார்கள், உறைந்த சோளத்தைப் போடுகிறார்கள். சூட்டை இறக்கிவிட்டு, பிறகு இருபது நிமிடம் மசாலாத் தண்ணீரில் ஊற விடுவதுதான் இதில் உள்ள ஒரே சூட்சுமம். நாலு லிட்டர் தண்ணீர் வைத்த பாத்திரத்துக்கு ஐஸ் தேவையே இல்லை. அடுப்பை அணைத்தால் அதுவாகவே ஆறத் தொடங்கும். அவர்கள் ஐஸ் போட்டு வரவழைப்பது உனக்குச் சும்மா கிடைக்கிறது. சின்னப் பாத்திரத்துக்கும் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த இறாலை ஒரேயடியாகப் போட்டால் கொதி அடங்கி, மறுபடி கொதிக்க நேரமாகும். அதற்குள் இறால் இரண்டுங்கெட்டானாக வேகும். கொஞ்ச நேரம் வெளியில் வைத்துவிட்டு, இரண்டு கையாகப் பிரித்துப் போட்டால் தீர்ந்தது. குக்கரில் மூன்று விசில் விட்டால் சீக்கிரம் ஆகாதா என்று மட்டும் கேட்டுவிடாதே. குக்கருக்குள் சூடு 120 டிகிரியைத் தொடும். இறால் ரப்பராகிவிடும், பழி என் தலையில் விழும்.

அடுத்தது, இவ்வளவு மசாலாவும் கலந்த தண்ணீரை வடித்துக் கீழே கொட்டுவதா என்கிற ஆத்திரம். நியாயமான ஆத்திரம்தான். குழம்பு வைத்துப் பழகிய கைக்கு இது பெரும் பாவம். பிரெஞ்சுக்காரனின் மீன் சூப்பில்கூட, நம் ஊர் ஓட்டல்களில் பூயபேஸ் என்று எழுதி வைத்திருக்கிறார்களே அதில்கூட, தண்ணீர்தான் பிரதானம். கடைசிச் சொட்டு வரை குடிப்பார்கள். ஆனால் தோலோடு கடலை அவிக்கும்போது நீ என்ன செய்கிறாய்? கைநிறைய உப்பை அள்ளிப் போட்டு அவித்து, ஊறவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கடலையை மட்டும்தானே முறத்தில் பரப்புகிறாய்? அந்தத் தண்ணீரை ரசமாக வைக்கவில்லையே என்று யாரும் அழுததில்லை. ஓட்டைத் தாண்டி உப்பு உள்ளே போக வேண்டும், அதற்காகத் தண்ணீர் தேவைக்கு மேலேயே கரிக்கிறது. இங்கேயும் அதே கணக்குதான். இறாலுக்கு ஓடு, நண்டுக்கு ஓடு, உருளைக்கிழங்குக்குத் தோல். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு இருக்கும். இதில் ஏறக்குறைய அதில் பாதி. குடித்தால் மாமாவின் பிரஷர் எங்கே போய் நிற்கும் என்று நீயே கணக்குப் போடு. இந்தத் தெற்கத்தி அமெரிக்கர்களும் சாலையோரத்தில் கடலையை அவித்துத்தான் விற்கிறார்கள் என்பது கொசுறுச் செய்தி.

மசாலாவைப் பற்றிப் பேசினால் உனக்குச் சிரிப்பு வரும். சாட்டரெய்ன்ஸ் என்று இந்த ஊர்க் கம்பெனி ஒன்று, 1889இல் தொடங்கியது, ஒரு துணிப் பையில் மசாலாவைக் கட்டி அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறது. உள்ளே இருப்பது கடுகு, தனியா, மிளகாய், பிரிஞ்சி போன்ற ஓர் இலை, சதகுப்பை விதை, ஆல்ஸ்பைஸ். கடைசியில் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் உன் அஞ்சறைப் பெட்டியிலோ நாட்டுமருந்துக் கடையிலோ கிடக்கிறது. ஆல்ஸ்பைஸுக்குப் பதில் நாலு கிராம்பு, ஒரு துண்டுப் பட்டை, பத்து மிளகு போதும். கடுகைத் தாளிக்காமல் தண்ணீரில் போட்டு என்ன பிரயோஜனம் என்று நீ கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முழுக் கடுகு கொதிநீரில் காரமும் தராது, மணமும் அவ்வளவாகத் தராது. பழக்கத்தில் போடுகிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பாதியாகக் குறைத்துவிடு. மிளகாயிலும் ஒரு சங்கடம் உண்டு. அதன் காரம் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அதனால்தான் தண்ணீரில் எவ்வளவு மிளகாய் போட்டாலும் உதடு எரிகிற அளவுக்கு இறாலின் உள்ளே இறங்குவதில்லை. இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் வியட்நாம்காரர்கள். 1975இல் சைகோன் விழுந்த பிறகு இந்த வளைகுடாக் கரையோரம் வந்து குடியேறியவர்களில் பலர் இறால் பிடிக்கிற தொழிலில் இறங்கினார்கள். அவர்கள் ஜனம் ஹூஸ்டனில் நடத்தும் கடைகளில், அவித்து வடித்ததை அப்படியே கொட்டாமல், வெண்ணெயில் பூண்டும் மிளகாய்த்தூளும் வதக்கி அதில் புரட்டித் தருகிறார்கள். தாளிப்பைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்த ஊர்ப் பழைய ஆட்கள் முதலில் முகம் சுளித்தார்கள். இப்போது வரிசையில் நிற்கிறார்கள். சைகோனில் உத்தியோகம் பார்த்துவிட்டு வந்த குடும்பங்கள் நம் ஊர் அடுப்படியில் சாய்யோ என்கிற வியட்நாம் ரோலைச் சுருட்டிய மாதிரித்தான். பிரெஞ்சுக்காரன் ஆண்ட மூன்று ஊர்ச் சமையலும் ஒரே சட்டியில் சேருகிறது. அவன் மட்டும் அதில் இல்லை.

இனி செய்முறை. நாலு லிட்டர் தண்ணீரில் நாலு மேசைக்கரண்டி கல்லுப்பு, மசாலா முடிச்சு, குறுக்கே வெட்டிய ஒரு முழுப் பூண்டு, நாலாகப் பிளந்த ஒரு வெங்காயம், பிழிந்துவிட்டுத் தோலோடு போட்ட ஓர் எலுமிச்சை. பத்து நிமிடம் கொதித்து வாசனை எழுந்ததும் சின்ன உருளைக்கிழங்கு ஆறேழைத் தோலோடு போடு. ஏழெட்டு நிமிடம் கழித்து இரண்டு சின்னக் கடல் நண்டு, மூன்றாக உடைத்த ஒரு சோளக்கதிர், ஃப்ரீசரில் வைத்து விற்கும் சாசேஜ் கிடைத்தால் இரண்டு. இன்னும் எட்டு நிமிடத்தில் கிழங்கில் ஈர்க்குச்சி இறங்கும். அப்போது அரை கிலோ இறால், மறுபடி கொதி எழுகிற சமயத்தில் அடுப்பை அணைத்து மூடிவிடு. ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து பார்: இறால் 'சி' எழுத்துப் போல வளைந்திருந்தால் பதம். வாலும் தலையும் முட்டி வட்டமாகிவிட்டால் நேரம் தாண்டிவிட்டது. வடித்துவிட்டு, நூறு கிராம் வெண்ணெயில் இடித்த பூண்டும் ஒரு கரண்டி மிளகாய்த்தூளும் போட்டு, பூண்டு சிவக்கும் முன்பே இறக்கி எல்லாவற்றையும் புரட்டு. புளி இல்லையே, தேங்காய் இல்லையே என்பாய். அவை சோற்றுக்காக வந்தவை அக்கா. இங்கே சோறே இல்லை, கிழங்கும் சோளமும்தான் அதன் இடத்தில். கடற்கரைச் சாலையில் எலுமிச்சைத் துண்டை உப்பு மிளகாய்த்தூளில் தொட்டுச் சோளக்கதிரில் தேய்த்துத் தருகிறார்களே, அந்த ருசி உனக்குப் பிடிக்குமென்றால் இதுவும் பிடிக்கும்.

உனக்கு நன்றாக வரும் என்று நான் சொல்வது முகஸ்துதி இல்லை, இறாலைப் பார்த்துச் சொல்கிறேன். வளைகுடா இறால் இந்தப் பக்கம் உண்டுதான். ஆனால் அமெரிக்கா முழுவதும் தின்னும் இறாலில் பெரும்பங்கு வெளிநாட்டிலிருந்து வருவது, அதிலும் பல வருடங்களாக இந்தியாதான் முதலிடம். பெரும்பாலும் ஆந்திரத்துக் குளத்தில் வளர்ந்து, தலை கிள்ளப்பட்டு, உறைந்துபோய்க் கடல் கடந்து வருகிறது. நமக்கு விசா கிடைக்காவிட்டாலும் இறாலுக்குக் கிடைக்கிறது, தலை இல்லாமல் வர வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. ஆனால் ருசியும் கொழுப்பும் அந்தத் தலையில்தான். பெரிய மார்க்கெட்டில் மீன்காரம்மா கூறு கட்டி வைத்திருக்கும் இறாலில், தலை உடம்போடு இறுக ஒட்டி, ஓடு மினுமினுப்பதாகப் பார்த்து எடுத்தால் அமெரிக்காவில் பல ஊர்களில் லேசில் கிடைக்காத பொருள் அது. நண்டும் அப்படியே.

தட்டில்லாமல் பேப்பரில் கொட்டித் தின்பது அநாகரிகம் என்று மாமா சொல்லுவார். பேப்பர் விஷயத்தில் நான் அவர் கட்சி. அச்சு மை உடம்புக்கு ஆகாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016இல் எச்சரித்திருக்கிறது. நமக்கு வாழையிலை இருக்கிறது. பெரிய தலைவாழை இரண்டை எதிரெதிரே போட்டு நடுவில் கொட்டு. கையால் சாப்பிடுவதுதான் இங்கே வேடிக்கை. பீட்சாவைக்கூடச் சிலசமயம் முள்கரண்டியால் குத்துகிற ஜனங்கள், பாயில் கடையில் கழுத்தில் பிளாஸ்டிக் பிப் கட்டி, இரண்டு கையிலும் உறை மாட்டி, ஏதோ ஆபரேஷனுக்கு உட்கார்ந்தவர்கள்போலத் தலையைத் திருகி உறிஞ்சுகிறார்கள். எப்படித் திருகுவது என்று கடைச்சுவரில் படம் போட்டு விளக்கம் வேறு. நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சும் வித்தைக்கு நீயும் மாமாவும் இங்கே வந்தால் சம்பளத்துக்கே வைத்துக்கொள்வார்கள்.

இப்போது அங்கே தடைக்காலம், விசைப்படகு எல்லாம் கரையில் நிற்கும்; ஜூன் 14 வரை மீன் விலை கேட்கவே பயம் என்பாய். அரை கிலோ இறாலும் இரண்டு நண்டும் போதும் என்பது அதற்கும்தான் சவுகரியம். ஃபைபர் படகுக்காரர்கள் கொண்டுவருவதே தாராளம். விருந்தாளிகளுக்குச் செய்ய வேண்டுமானால் அண்டாவை வாடகைக்கு எடுக்காதே, இதே பாத்திரத்தில் இரண்டு தடவை செய். இரண்டாம் தடவைக்கு அதே தண்ணீர் ஆகும், உப்பு மட்டும் பாதி போதும். வெண்ணெய் உப்பில்லாததாகப் பார்த்து வாங்கு. பாக்கெட்டைப் படிக்காமல் மாமா எடுத்து வந்துவிடுவார்.

உன் தம்பி