மருமவனே, பாங்காக்கைக் கேட்டுட்டுப் பால் வெட்டு

லே மருமவனே, உலகமயமாக்கலு 1991-ல டெல்லியில பிறந்ததுண்ணு சொல்லுகியே, கொள்ளாம்லே உனக்க படிப்பு! ராத்திரி சாப்பிட இருக்கும்போ தட்டை ஒருக்கா நல்லாப் பாரு. மரச்சீனிக்குச் சொந்த ஊரு தென்னமெரிக்கா. மீன்கறியில கிடக்க வத்தமிளகும் அந்தப் பக்கந்தான். கொல்லாங்கொட்டையும் அன்னாசியும் போர்த்துக்கீசுக்காரன் கப்பலேத்திக் கொண்டாந்தது. வந்தேறியளை எல்லாம் விரட்டணும்ணு நீ கிளம்பினா, பேச்சிப்பாறையில நமக்கு மிச்சம் சக்கையும் நல்லமிளகும்தான். தண்ணியைக் குடிச்சுக்கிடலாம்ணு பாத்தா, 1906-ல முடிஞ்ச அணைக்கு மிஞ்சின்னு ஒரு வெள்ளைக்காரன்லா எஞ்சினியர்!

அந்த நல்லமிளகுக்கு ஆசைப்பட்டுத்தான் டச்சுக்காரன் குளச்சலுக்கு வந்து, 1741-ல திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாகிட்ட அடிவாங்கினான். பிடிபட்ட டச்சுக்காரன் டிலனாயை ராஜா பிறவு தனக்க படைக்கே தளபதியாக்கிட்டாரு. வெளிநாட்டு நிபுணரை வச்சுக்கிடுகது பெங்களூரு கண்டுபிடிப்பு இல்லடே.

இனி ரப்பருக்கு வா. 1876-ல விக்காம்ணு ஒருத்தன் அமேசான் கரையிலேருந்து எழுபதாயிரம் விதையை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனான். முளைச்சது மூவாயிரம்கூட இல்ல. கண்ணுல மண்ணைத் தூவிக் கடத்தினேன்னு அவனே பின்னால வீரக்கதை விட்டான். தடுக்க அண்ணைக்கு அங்க சட்டமே கிடையாது. தைகள்ல முக்காவாசி இலங்கைக்குப் போச்சு. மரம் சாவாம பட்டையைக் கீறிப் பால் எடுக்கலாம்ணு சிங்கப்பூர்ல ரிட்லிண்ணு ஒருத்தர் காட்டினாரு. தோட்டக்காரனுவ அவரைக் கிறுக்கன்னானுவ. 1888-ல டன்லப் காத்தடிச்ச டயரைக் கொண்டுவந்தாரு, பின்னாலே மோட்டாரும் வந்துது. பிறவு கிறுக்கன் சொன்னதைக் கேக்க கூட்டமான கூட்டம். இண்ணைக்கும் நீ நெத்தியில லைட்டைக் கட்டிக்கிட்டு, விடியுகதுக்கு முன்ன இடமிருந்து வலமாச் சரிச்சு, பட்டையை நூலுபோலச் சீவி, சிரட்டையில சொட்டவிடுகியே, அது அந்தக் கிறுக்கனுக்க பாடந்தான்.

மனுசனையும் இப்பிடித்தான் சுத்தவிட்டானுவ. தமிழ்நாட்டு ஏழையளை வெள்ளைக்காரன் இலங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனான். 1964-ல நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டு, அதுல லெச்சக்கணக்கான பேரைத் திருப்பி அனுப்ப முடிவாச்சு. வந்தவங்கள்ல கொஞ்சம் பேருக்கு நம்ம மலையிலேயே அரசு ரப்பர் தோட்டத்துல வேலை. 1984-லேருந்து அது அரசு ரப்பர் கழகம். விதைக்கும் ஆளுக்கும் ஒரே கடல், ஒரே மொதலாளி புத்தி. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல, விடு.

விலைக்கு வருவோம். 2011-ல கிலோ 240 ரூபாய் வரை போச்சு. அந்த ருசியில நாம மரச்சீனி விளையை அழிச்சு ரப்பர் வச்சோம். தாய்லாந்துக்காரனும் வியட்நாம்காரனும் நமக்கு முன்னமே அதே புத்தியில வச்சிருந்தானுவ. தை வச்சா பால் வெட்ட ஏழு வருசம் ஆவும்லா? எல்லாவன் மரமும் ஒண்ணாப் பருவத்துக்கு வந்துது. சீனாவுல வேகம் குறைஞ்சுது, 2014-ல கச்சா எண்ணெய் விழுந்துது, எண்ணெய்லேருந்து எடுக்க செயற்கை ரப்பரும் மலிஞ்சுது. 2016 தொடக்கத்துல நம்ம ஷீட்டு நூறு ரூபாய்க்கும் கீழ. 2024 ஆகஸ்டுல திரும்ப 240 வந்துது. வந்த நேரத்தைப் பாரு, மழைக்காலம், பாதிப் பேருக்கு வெட்டே இல்ல!

அதனால மாமன் சொல்லுகதைக் கேளு. எல்லாரும் நடும்போ நீயும் நடு. எல்லாரும் வெட்டும்போ வெட்டு. விலை விழுந்து எல்லாரும் மரத்தை விறகுக்குக் கொடுக்கும்போ நீயும் கொடுத்துட்டு, மறுவருசம் விலை ஏறும்போ திண்ணையில இருந்து அழு. நாங்க தலைமுறையா இந்தக் கட்டுப்பாட்டைத் தவறவிட்டதில்ல. இடையில நல்லமிளகு கொடி ஏத்தி, வாழை வச்சு, ரெண்டு தேன்பெட்டி போட்டு வயித்தைக் காப்பாத்துகவன் கோழை, அவன்கூடச் சேராத. அவன் மகளுக்குக் கடனில்லாம கலியாணம் நடத்தினதைச் சொல்லி உன்னைக் கெடுத்துடுவான்.

கடைக்காரன் ஷீட்டை வெளிச்சத்துல பிடிச்சு, குமிழு கிடக்குண்ணு நாலாந்தரத்தை அஞ்சாந்தரமாக்கும்போ சண்டைக்குப் போவாத. அவன் கோட்டயத்து விலையைக் காட்டுவான், கோட்டயத்துக்காரன் பாங்காக்கைக் காட்டுவான், பாங்காக் சீனாவைக் காட்டும். சீனாக்காரனுக்கு நம்ம கெட்டவார்த்தை ஒண்ணும் புரியாது. திட்டியே தீரணும்ணா என்னைத் திட்டு. பக்கத்து வீடு, பஸ் கூலியும் மிச்சம்.